நாற்பத்தெட்டாம் சுற்று

கல்லேரிப்பாளையத்தில் பொழுது விடிந்ததைச் சொல்ல இரண்டு சத்தங்கள் உண்டு. ஒன்று குளத்தடி ஈசர் கோயில் மணி. மற்றொன்று, மணிக்கும் முன்னால் பிராகாரத்தில் எழும் விளக்குமாற்றுச் சத்தம். மணியடிக்கும் குருக்கள் சில நாள் அசந்து தூங்கிவிடுவார். விளக்குமாறு ஒரு நாளும் தூங்கியதில்லை. அதைப் பிடித்த கை அங்காத்தாள் அம்மையாருடையது.

பெருக்கி முடித்து, குளத்தில் கைகால் கழுவி, சந்நிதிக்கு நேரே நின்று ஐந்தெழுத்தை வாய்க்குள் சொல்லிவிட்டு அம்மையார் வேலைக்குப் போவார். கந்தப்ப மேஸ்திரியின் மோட்டார் பட்டறையில் வேலை. கிணற்று மோட்டார் எரிந்துபோனால் அங்கேதான் கொண்டுவந்து போடுவார்கள். அதன் வயிற்றுக்குள் கருகிக் கிடக்கும் செம்புக் கம்பியைப் பிடுங்கி எடுத்து, கம்பி பதியும் பள்ளங்களைக் காடி காடியாகச் சுரண்டித் துடைத்துக் கொடுப்பது அவர் பாடு. நகக்கண்ணில் ஏறிய கரி எந்தச் சீயக்காய்க்கும் மசியாது. கோயில் பிரசாதத்தை அந்தக் கையில் போட மனமில்லாமல் குருக்கள் இலையில் வைத்து நீட்டுவார். அம்மையார் அதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வார்.

கணவர் கல்லுடைக்கப் போன ஊரில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் பாவாயி என்று ஒரு பெண் குழந்தை. ஆறு வயது. பட்டறைக்கும் குளத்துக்கும் நடுவே ஒரு வேப்பமரம்தான் உண்டு. குழந்தை அதன் நிழலில் வளர்ந்தது.

சுரண்டிக்கொண்டிருந்தவர் பார்த்துப் பார்த்தே கம்பி சுற்றவும் கற்றுக்கொண்டார். மரத்தில் செய்த அச்சு, அதைச் சுழற்ற ஒரு கைப்பிடி. ஒரு சுற்றுக்கு ஓர் எண்ணிக்கை. அந்தப் பக்கத்து மோட்டாருக்கு ஒரு சுருளுக்கு அறுபது சுற்று. இரண்டு மூன்று குறைந்தாலும் மோட்டார் சூடேறி மறுபடி எரிந்துபோகும். அதனால் அந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எண்ணுகிறவரை யாரும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டாலும் எண்ணுகிறவர் வாய் திறக்கக் கூடாது. வீடு பற்றி எரிகிறது என்று சொன்னாலும் அறுபதை முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

அம்மையார் ஒன்று, இரண்டு என்று எண்ணவில்லை. சுற்றுக்கு ஓரெழுத்தாக 'சி, வா, ய, ந, ம' என்று எண்ணினார். பன்னிரண்டு முறை சொன்னால் அறுபது. தொழிலும் ஆயிற்று, வழிபாடும் ஆயிற்று. அவர் கட்டிய சுருளில் கணக்குத் தப்பியதாக ஒருவரும் சொன்னதில்லை.

ஒரு சித்திரை மாதத்து உச்சிவேளை. தென்னந்தோப்புக்காரர் ஒருவர், கன்றெல்லாம் காய்கிறது என்று பட்டறை வாசலிலேயே குந்தியிருந்தார். பாவாயி குளத்துப் படியில் விளையாடிக்கொண்டிருந்தாள். அம்மையார் கைப்பிடியைச் சுழற்றினார். ஐந்தெழுத்து ஒன்பது முறை முடிந்து பத்தாவது தொடங்கிற்று. சி, வா, ய. நாற்பத்தெட்டு.

"அம்மா" என்று குளத்துப் பக்கமிருந்து குரல் வந்தது.

அழுகையில்லை, அலறலில்லை. எதையோ காட்டக் கூப்பிடும் குரல். அம்மையார் வாய் திறக்கவில்லை. கை நிற்கவில்லை. இரண்டாவது முறையும் 'அம்மா' என்று கேட்டது. இன்னும் கொஞ்சம்தான், முடித்துவிட்டுப் போகலாம் என்று கை சுற்றிக்கொண்டே இருந்தது. ஐம்பத்தைந்துக்கு வரும்போது மூன்றாவது அழைப்புக்காகக் காது காத்திருந்தது. அது வரவில்லை. அறுபதை முடித்து, சுருளுக்கு நூல் கட்டி, அச்சிலிருந்து கழற்றி வைத்துவிட்டு அவர் எழுந்து போனார். குளத்தில் ஓர் அலைகூட இல்லை.

அந்த மோட்டார் பதினோரு ஆண்டு பழுதில்லாமல் ஓடிற்று. தென்னந்தோப்புக்காரர் அதை அம்மையாரிடமே சொல்லிப் பாராட்டியிருக்கிறார். நல்ல மனிதர்தான். எதை எங்கே சொல்வதென்று சிலருக்குத் தெரிவதில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் விடியற்காலையில் அம்மையார் விளக்குமாற்றோடு கோயிலுக்குள் நுழைந்தார். மண்ணை வாரி இறைப்பார், சாமியைத் திட்டுவார் என்று நாலைந்து பேர் மதிலோரம் வந்து நின்றிருந்தார்கள். அவர் சந்நிதியைப் பார்த்து, "நான் கேட்டும் போகல. நீ கேட்டிருப்ப, போயிருப்ப. அவளைப் பாத்துக்க" என்றார். பிறகு பெருக்கத் தொடங்கினார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கால் தூசியைத் தாங்களே தட்டிக்கொண்டு நகர்ந்தார்கள்.

ஈசர்மேல் அவருக்கு வருத்தமில்லை. ஒன்றே ஒன்றுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது. குழந்தை என்ன சொல்லக் கூப்பிட்டது? படியில் வழுக்கியதா, பசித்ததா, மீனைக் காட்டவா? அதைத் தெரிந்துகொண்டால் போதும் என்றிருந்தது. அதற்குமேல் அவர் எதையும் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மறுபடி கைப்பிடியைத் தொட்டார். நாற்பத்தெட்டாவது சுற்றில் கம்பி இறுகிற்று. கம்பிச் சக்கரத்தில் சிக்கு விழுந்ததோ என்று பார்த்தார். சிக்கு இல்லை. சின்ன விரல் ஒன்று கொக்கி போட்டுப் பிடித்தாற்போல் கம்பி நடுவில் வளைந்து நின்றது. பிறகு குளத்துப் பக்கமிருந்து 'அம்மா' என்று குரல் வந்தது. அம்மையார் கைப்பிடியை விட்டுவிட்டு ஓடினார். வெயில் படியில் கொதித்தது. தண்ணீர் கண்ணாடித் தகடாகக் கிடந்தது. மரத்தில் ஒரு காக்கைகூட இல்லை.

அடுத்த சுருளிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே. மேஸ்திரிக்குக் குரல் எதுவும் கேட்கவில்லை. ஆனால் கம்பி இறுகுவதை அவர் தம் கண்ணாலேயே பார்த்துவிட்டார். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

"அம்மிணி, உன்ற மேல எனக்கொரு கோவமுமில்ல. அந்தக் கம்பி இறுகறதப் பாத்தா கைகால் ஆடுது. நீ வேற எடம் பாத்துக்க சாமி" என்றார்.

அம்மையார் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

குளத்தின் மேல்கரையில் கோயிலுக்குச் சொந்தமான பழைய தறிக்கூடம் ஒன்று பாழடைந்து கிடந்தது. பெருக்கித் தருகிறேன், உள்ளே இருந்துகொள்கிறேன் என்று கேட்டு வாங்கினார். எரிந்த மோட்டார்களை அங்கே கொண்டுவரச் சொன்னார். முதலில் வந்து உட்கார்ந்தவர் சவுடம்மாள். தறி நின்றுபோன வீட்டு மருமகள், இரண்டு குழந்தைகளோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். பிறகு ஐந்து பெண்கள் வந்தார்கள், பிறகு இருபது பேர். பத்தாம் ஆண்டில் அரசு அங்கீகாரம் வந்தது. வாசலில் 'குளத்தடி மகளிர் தொழிற்பயிற்சிப் பள்ளி' என்று பலகை ஏறிற்று. ஐந்தாம் வகுப்போடு நின்ற அங்காத்தாள் அம்மையார் அதன் தலைவரானார். தலைவர் என்றால் நாற்காலி என்று நினைத்துவிட வேண்டாம். காலையில் கூடத்தைப் பெருக்குவதும், புதிதாக வந்தவர்களின் கை கிழியாதிருக்க எரிந்த மோட்டார்களைத் தாமே சுரண்டுவதும் அவர் கடைசிவரை விடாத வேலை.

அந்தப் பள்ளியில் தொழிலின் பழைய கட்டுப்பாட்டை அவர் தலைகீழாக மாற்றினார். ஒரு கைப்பிடிக்கு இருவர் உட்கார வேண்டும். ஒருவர் சுற்ற, ஒருவர் எண்ண. யார் கூப்பிட்டாலும், குழந்தையோ கிழவியோ பிச்சைக்காரரோ, சுற்றுகிறவர் அந்தக் கணமே கையை நிறுத்திப் பதில் சொல்லி எழுந்து போக வேண்டும். எண்ணிக்கையை மற்றவர் வைத்துக்கொண்டிருப்பார். ஓர் ஆள் செய்யும் வேலைக்கு இரண்டு ஆளா என்று ஊர்ப் பட்டறைக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் பிறகு தங்கள் பட்டறைக்கு அந்தப் பெண்களையே கேட்டு வந்தார்கள், அது வேறு விஷயம்.

ஒன்று மட்டும் மாறவில்லை. எந்த இருவர் உட்கார்ந்தாலும் நாற்பத்தெட்டாவது சுற்றில் கம்பி இறுகும். புதிதாக வந்த பெண்களுக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறியும். சிலர் அன்றைக்கே வீட்டுக்குப் போய்க் காய்ச்சலில் படுத்துவிடுவார்கள். சவுடம்மாள் அவர்களிடம், பயப்பட ஒன்றுமில்லை, அது நம்ம பாவாயிதான், பதில் சொன்னால் விட்டுவிடும் என்று சமாதானம் சொல்வார். அதுவே வழக்கமாகிவிட்டது. கம்பி இறுகியதும் சுற்றுகிறவர் கையை நிறுத்தி, "இதா வந்துட்டோம் சாமி" என்பார். ஒரு மூச்சு விடும் நேரம் கூடம் முழுக்க அமைதியாயிருக்கும். பிறகு கம்பி தானாகத் தளரும். தளரும்போது விரலில் ஈரம் தெரியும்.

குரல் மட்டும் அம்மையாருக்குத்தான் கேட்டது. நாள்தோறும் உச்சிவேளையில் கேட்டது. என்ன வேலையிலிருந்தாலும் போட்டுவிட்டுக் குளத்துக்குப் போவார். கடைசிப் படியில் நின்று, வந்துவிட்டேன், என்னவென்று சொல் என்று தண்ணீரைப் பார்த்துக் கேட்பார். பதில் வராது. சற்று நின்றுவிட்டுத் திரும்புவார். முப்பத்து மூன்று ஆண்டு இப்படிப் போயிற்று. அவர் மறுபடி கைப்பிடியைத் தொடவே இல்லை. பேய்க்குப் பதில் சொல்லும் பள்ளிக்கூடம் என்று ஊரில் பேர் வைத்தார்கள். பெற்ற பிள்ளை கூப்பிட்டபோது போகாதவள் இப்போது ஓடுகிறாள் பார் என்று காதுபடவே சொன்னவர்களும் உண்டு. உள்ளதைத்தானே சொல்கிறார்கள் என்று அம்மையார் அவர்களுக்கும் மோர் கொடுத்து அனுப்பினார்.

இந்தப் பேச்செல்லாம் எழுத்தில் ஏறித் தொழிற்பயிற்சித் துறைக்குப் புகாராகப் போயிற்று. விசாரிக்கத் தேர்வு அதிகாரி தணிகாசலம் வந்தார். கெட்டவரல்லர், தாளில் இல்லாத எதையும் நம்பாதவர். கம்பி இறுகுவதைக் காட்டினார்கள். கம்பிச் சக்கரத்தின் அச்சு தேய்ந்திருக்கிறது, எண்ணெய் போடுங்கள் என்றார். பிறகு தலைவரின் படிப்பைக் கேட்டார்.

"அஞ்சாவதுங்க."

"அஞ்சாவது படிச்சவங்க, கையில கைப்பிடியே தொடாதவங்க, இந்தப் பொண்ணுங்களுக்கு என்னம்மா சொல்லித் தர முடியும்? நாளைக்கு வர்றேன். என் கண் முன்னால நீங்க தனியா ஒரு சுருள் சுத்துங்க. வெட்டி எண்ணிப் பார்ப்பேன். அறுபது இருந்தா என் கையெழுத்து உண்டு. குறைஞ்சா அங்கீகாரத்தை நிறுத்த எழுதிடுவேன்" என்றார்.

அந்த ஆண்டு நாற்பத்தொரு பெண்கள் படிப்பை முடித்துச் சான்றிதழுக்குக் காத்திருந்தார்கள். அங்கீகாரம் போனால் அதுவும் போகும். சவுடம்மாள் அன்று மாலை அம்மையாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, நாளைக்கு ஒரு நாளு காத மூடிக்கங்க. ஒரே ஒரு நாளு" என்று கெஞ்சினார். அம்மையார் அந்தக் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் பிராகாரத்தில் பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினார். அன்றைக்கு ஒருவரின் தோப்பு காய்ந்தது. இன்றைக்கு நாற்பத்தொரு பெண்களின் பிழைப்பு. எப்போதும் எண்ணிக்கையின் பக்கம்தான் நியாயம் வந்து நின்றுகொள்கிறது. சந்நிதியில் நெடுநேரம் நின்றார். இன்று ஒரு நாள் கூப்பிடாதே என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கூப்பிடுகிறவளை வாயை மூடச் சொல்லும் தாய் உண்டா?

பதினொன்றரை மணிக்கு அதிகாரி வந்தமர்ந்தார். நாற்பத்தொரு பெண்களும் சுவரோரம் நின்றார்கள். அம்மையார் கைப்பிடிக்கு விபூதி இட்டுச் சுழற்றத் தொடங்கினார். முப்பத்து மூன்று ஆண்டு தொடாத கை, ஒரு நாளும் விடாததுபோல் ஓடிற்று. வெளியே வெயிலில் ஒரு சத்தமில்லை. ஐந்தெழுத்து ஒன்பது முறை முடிந்தது. சி, வா, ய.

கம்பி இறுகிற்று. குளத்துப் பக்கமிருந்து, "அம்மா."

அம்மையாரின் கை கைப்பிடியிலேயே இருந்தது. இன்னும் பன்னிரண்டு சுற்று. சுவரோரம் இருந்தவர்களுக்குக் குரல் கேட்கவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்து எல்லாருக்கும் விளங்கிவிட்டது. சவுடம்மாள் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டார். அம்மையார் கையை எடுத்தார். அதிகாரியைக் கும்பிட்டு, "மன்னிச்சுக்குங்க. கூப்பிடறாங்க" என்று சொல்லி எழுந்தார். சுவரோரம் நின்ற பெண்களை அவரால் பார்க்க முடியவில்லை. குனிந்த தலையோடு வெளியே போனார்.

குளத்தில், கடைசிப் படியில் ஒரு குழந்தை முதுகு காட்டி உட்கார்ந்திருந்தது. கால் தண்ணீருக்குள் இருந்தது. தண்ணீர் அசையவில்லை. வெயில் சுட்டெரித்தும் படியில் அதற்கு நிழல் விழவில்லை. அம்மையாருக்கு அச்சமாயிருந்தது. ஆனாலும் கால் நிற்கவில்லை. குழந்தைக்கு இரண்டு படி மேலே போய் உட்கார்ந்தார்.

"வந்துட்டேன் சாமி. என்ன சாமி?"

குழந்தை திரும்பவில்லை. "எண்ணி முடிச்சிட்டியா அம்மா?" என்று கேட்டது.

முப்பத்து மூன்று ஆண்டு காத்திருந்த கேள்வி அதுதான். அடுப்பில் சோறு வெந்ததா என்று கேட்பதுபோல் கேட்டது. தாய் வேலையை முடித்தாளா, விளையாட வருவாளா என்று பார்க்க ஒரு குழந்தை கூப்பிட்டிருக்கிறது, அவ்வளவுதான். அம்மையாருக்கு நெஞ்சு உடைந்து அழுகை வந்தது.

"இல்ல சாமி. பாதில போட்டுட்டு வந்துட்டேன்."

"அப்ப நீ இரு. நான் எண்ணறேன்" என்றது குழந்தை.

அந்த நேரம் கூடத்தில் அதிகாரி பேனாவைத் திறந்துவிட்டிருந்தார். நாற்பத்தெட்டு என்று எழுதப் போனவரின் கை நின்றது. ஆளில்லாத கைப்பிடி அசைந்தது. மெல்ல மேலே ஏறி, கீழே இறங்கி ஒரு சுற்றை முடித்தது. 'ந' என்றது ஒரு குழந்தைக் குரல். அதை இம்முறை எல்லாரும் கேட்டார்கள். கைப்பிடி மறுபடி சுழன்றது. 'ம' என்றது. கைப்பிடியிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் விழுந்தது. நாற்பத்தொரு பெண்களில் ஒருத்தியும் ஓடவில்லை. அவர்களுக்குப் பழகிய ஈரம்தான் அது. அதிகாரிதான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்து சுவரில் முட்டி நின்றார். சி, வா, ய, ந, ம என்று குரல் தடுமாறாமல் எண்ணிக்கொண்டே போயிற்று. இரண்டு முறை முழுதாகச் சொல்லி முடித்துக் கைப்பிடி நின்றது.

சுருளை வெட்டினார்கள். அதிகாரி ஒவ்வொரு கம்பியாகத் தாமே எண்ணினார். மூன்று முறை எண்ணினார். அறுபது. கையெழுத்துப் போட்டுவிட்டு, வந்த செருப்பை வாசலிலேயே மறந்து வெறுங்காலோடு வெயிலில் நடந்து போனார்.

பெண்கள் குளத்துக்கு ஓடி வந்தபோது அம்மையார் மட்டும் படியில் உட்கார்ந்திருந்தார். குளத்தடி ஈசர் கோயில் நடை அப்போது சாத்தியிருந்தது. உள்ளே யாருமில்லை. ஆனால் மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு மழலைக் குரல் ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டிருந்ததை அத்தனை பேரும் கேட்டார்கள். மாலையில் கதவைத் திறந்த குருக்கள், லிங்கத்தின்மேல் செம்புக் கம்பியின் புத்தம்புதிய சுருள் ஒன்று மாலையாகக் கிடந்ததைக் கண்டார். பிள்ளையாக வந்து எண்ணியவர் யாரென்று அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்று முதல் பிரசாதத்தைக் குருக்கள் அம்மையாரின் கரிக்கையிலேயே வைத்தார்.

அதற்குப் பிறகு குரல் வரவில்லை. கம்பியும் இறுகவில்லை. உச்சிவேளை வெறும் உச்சிவேளையாயிற்று. நான்கு ஆண்டு அப்படியே போயிற்று. குரல் நின்றது அம்மையாருக்கு வேதனையாயிருக்குமே என்று சவுடம்மாளுக்குத் தாங்கவில்லை. ஒருநாள் வாய்விட்டுக் கேட்டுவிட்டார்.

"அவ எண்ணிக்கிட்டிருக்கா. நடுவுல பேச்சுக் குடுக்கக் கூடாது" என்றார் அம்மையார்.

ஒரு தை மாதத்து உச்சிவேளையில், எரிந்த மோட்டார் ஒன்றைச் சுரண்டிக்கொண்டிருந்தவர் சட்டென்று கையை நிறுத்தித் தலை நிமிர்ந்தார். முகம் மலர்ந்தது. "முடிச்சிட்டாளாம்" என்றார். சுரண்டியை ஒழுங்காக எடுத்து வைத்தார். கையைக் கழுவினார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் ஈசரடி சேர்ந்தார்.

இன்றும் அந்தச் சீமையில் பெண்கள் நடத்தும் மோட்டார் பட்டறைகளில் இருவர் இருவராக உட்கார்ந்து கம்பி சுற்றுவதைப் பார்க்கலாம். வாசலில் யார் கூப்பிட்டாலும் உடனே பதில் வரும். எண்ணிக்கையை இறைவன் பார்த்துக்கொள்வான் என்று அழைத்த குரலுக்கு எழுந்து போன அங்காத்தாள் அம்மையாரின் கரி படிந்த கைகளை நாமும் வணங்குவோம்.